பத்து கேவி ஜெனரேட்டரும் அய்யனார் கோயில் பல்லியும்

தா.பழூர்,
சிவராத்திரி கழிந்த இரண்டாம் நாள், காலை.

மதிப்பும் பிரியமும் உள்ள அண்ணன் ராஜராஜன் அவர்களுக்கு, தம்பி அய்யாக்கண்ணு தன் கைப்பட எழுதும் வணக்கம். இங்கு நான், உண்ணாமலை, மகள் இலக்கியா, செவலை மாடு, அதன் கன்று யாவரும் சுகம். உங்கள் வலது முழங்கால் சுகமா? இடது முழங்காலையும் கேட்டதாகச் சொல்லவும். ஆபரேஷன் நடந்தது வலதுக்கு என்றாலும் இத்தனை மாதம் பாரத்தைச் சுமந்தது இடதுதான், அதை யாரும் விசாரிப்பதில்லை.

இந்தச் சங்கதியை எல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் பண்ணினால் அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள், பெரம்பலூரில் உங்களுக்குக் கேட்கிறதோ இல்லையோ, பாடாலூரில் சம்பந்தி வீட்டுக்குக் கேட்டுவிடுகிறது. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். இலக்கியாவுக்கு இந்த வரனைக் கொண்டுவந்தது நீங்கள், ஆகவே பதில் உங்கள் வாயால்தான் போகவேண்டும். மாப்பிள்ளை பிரசாத்துக்கு மஸ்கட் லீவு முடிய இன்னும் பதினெட்டு நாள்தான் பாக்கி. அதனால் அய்யனார் கோயிலில் என்ன நடந்தது, பல்லி என்ன சொல்லிற்று என்று ஆதியோடு அந்தமாக எழுதுகிறேன். கடிதத்தை இலக்கியாவே கொண்டுவருவாள். நாளைக் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் வழியில் உங்கள் முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிறாள் அல்லவா, அவளைப் பிசியோதெரபி படிக்க வைத்ததில் ஒரு தபால்தலை மிச்சம்.

முப்பத்தாறு வருஷத்தில் நீங்கள் வராத முதல் சிவராத்திரி இது. நம் பங்காளிகள் மூன்று வேனில் சாயங்காலம் நாலு மணிக்கே முந்திரிக்காட்டுக்குப் போய்விட்டோம். காடு பூத்துக் கிடந்தது. வழக்கமான வேப்பமரத்தடியில் தார்ப்பாய் கட்டி, அடுப்புக் கூட்டி, ராத்தங்கலுக்குப் பாய் விரித்தாயிற்று. கோயில் முறை உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும். கல்யாணப் பேச்சு நடக்கும் பிள்ளையைப் பூசாரி சன்னதி முன்னால் உட்கார வைப்பார். மாப்பிள்ளை பேரைச் சொல்லி அய்யனாரிடம் கேட்கக் கூடாது, அவருக்குத் தெரியாத பேரா என்பது நம் வழக்கம். “இந்தப் புள்ள மனசுக்கு நெறஞ்சது நடக்குமா, நடக்கும்னா கெழக்கால சொல்லுய்யா” என்று மூன்று தடவை கேட்பார். அப்புறம் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். விடிவதற்குள் கிழக்குச் சுவரில் பல்லி சொன்னால் உத்தரவு, மேற்குச் சுவரில் சொன்னால் வேண்டாம். இரண்டும் இல்லாமல் பல்லி பேசாமலே இருந்துவிட்டால் அடுத்த மாசி வரைக்கும் பேச்சே எடுக்கக் கூடாது. பல்லி வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் கூசும் என்றுதானே, கோயிலுக்குக் கம்பம் நட மின்வாரியத்தில் ஆள் வந்தபோது நாமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். அந்தக் கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்தவனே நான்தான். முப்பத்து மூன்று வருஷம் ஊருக்கெல்லாம் லைன் இழுத்து, லைன் இன்ஸ்பெக்டராக ரிட்டயர்டு ஆனவனுடைய குலதெய்வத்துக்கு இன்றைக்கும் நல்லெண்ணெய் விளக்குத்தான்.

நாங்கள் பொங்கலுக்கு உலை வைக்கும்போது தெற்கே ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. பின்னாலேயே இரண்டு வேன். கோயிலின் தெற்கு மூலையில் இருக்கும் காவல் கருப்புக்குப் படைக்கிற கூட்டம். நம் பக்கத்தில்தான் அவர்களும் வருஷா வருஷம் தங்குவார்கள், ஆனால் இந்த வருஷம் குட்டியானையின் முதுகில் பச்சைப் பெயிண்டு அடித்த பத்து கேவி ஜெனரேட்டர் உட்கார்ந்திருந்தது. கூட்டத்துக்குத் தலைவர் அரியமுத்து. ஜெயங்கொண்டத்தில் பந்தல், லைட்டு, மைக்செட் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். ஆறு மணிக்குக் கயிற்றை இழுத்தார்கள், எஞ்சின் பிடித்துக்கொண்டது. முந்திரிப் பூ வாசம் போய் டீசல் வாசம் வந்தது. எட்டு டியூப்லைட், நாலு போகஸ் லைட். காட்டில் அன்றைக்குத் தூங்கவேண்டிய காக்கைகள் எல்லாம் எழுந்து விடிந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டன.

எனக்குக் கோபம் வரவில்லை அண்ணா, உள்ளதைச் சொல்கிறேன், ஆசைதான் வந்தது. நல்ல எஞ்சின். நடந்து போய்க் காலடியால் அளந்தேன், சன்னதிக்கும் அதற்கும் நூற்றுப்பத்து அடி. புகைக்குழாய் நம் அடுப்பைப் பார்த்து இருந்தது. இப்படி நாலு பேர் தங்கும் இடத்தில் ஜெனரேட்டரை எத்தனை அடி தள்ளி வைப்பது, புகைக்குழாயை யார் பக்கம் திருப்புவது, எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று எங்காவது முறை எழுதியிருக்கிறதா என்று யோசித்தேன். மொய் எழுத முறை இருக்கிறது, எழவு வீட்டில் எந்தப் பக்கம் உட்கார்வது என்று முறை இருக்கிறது. காட்டில் ராத்திரி முழுக்க எஞ்சின் ஓட்டுவதற்கு மட்டும் நம் பெரியவர்கள் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. அவர்கள் காலத்தில் தேவைப்படவில்லை போலும்.

பூசாரிதான் முதலில் முகம் சுளித்தார். ராத்திரி பூசை முடிந்து இலக்கியாவை உட்கார வைத்துக் கேள்வி கேட்டாயிற்று, ஒன்பது மணி. எஞ்சின் நிற்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கணும் என்பார்கள், இங்கே பூசாரிக்கும் மேலே ஒரு டீசல் எஞ்சின். நான் போய் நிறுத்தச் சொல்கிறேன் என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தேன். உண்ணாமலை அடுப்படியிலிருந்து தடுத்தாள். “ஏங்க, இந்த வருசந்தான் பொங்கல்ல உப்பு எவ்வளவு கெடக்குன்னு கண்ணுக்குத் தெரியுது. அவங்க லைட்டுல காய் அரிஞ்சுபுட்டு அவங்களையே அணைக்கச் சொல்லுவீங்களா?” என்றாள். கேள்வி நியாயம். அடுத்தவன் வெளிச்சத்தில் ஒரு கத்தரிக்காய் அரிந்தால் அவன் சத்தத்தைக் கேட்கமாட்டேன் என்று சொல்லும் பாத்தியதை போய்விடுமா? நம் பங்காளிகளில் நாலு பேர் போய்விடும் என்றார்கள், மூன்று பேர் கத்தரிக்காய்க்குப் போகாது, சமைத்துச் சாப்பிட்டுவிட்டால்தான் போகும் என்றார்கள். நாங்கள் சாப்பிட்டுவிட்டிருந்தோம்.

இருந்தாலும் போனேன். போகும்போதே எப்படிக் கேட்பது என்று குழப்பம். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அரியமுத்துவின் அப்பா நம் அய்யனார் ஊர்வலத்துக்குத் தீவட்டி பிடித்தவர். நம் பெரியப்பா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, இங்கே நில், அங்கே தள்ளு என்பார், அவர் நிற்பார், தள்ளுவார். கேட்கிற பழக்கம் நம் வீட்டு வாய்க்கே கிடையாது. வேலையில் ஊரார் கொல்லைக்குள் எல்லாம் ஏணி போட்டு, கொஞ்சம் தள்ளுங்க, கொஞ்சம் பொறுங்க என்று கெஞ்சிப் பழகியவன் நான். அப்படிப்பட்ட எனக்கே அந்த நூற்றுப்பத்து அடியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அரியமுத்து எழுந்து வந்தார். “வாங்க சார், உக்காருங்க” என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வந்தது, குடித்தேன். எஞ்சின் எந்த வருஷம், மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கும், ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, நல்ல எஞ்சின்தாங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கேட்கவந்ததைக் கேட்கவில்லை என்பது தார்ப்பாய்க்குத் திரும்பி, பங்காளிகள் எல்லாரும் என் வாயையே பார்த்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

பத்தரைக்கு மறுபடி போனேன். இந்தத் தடவை அவர் மகள் சத்யப்பிரியா முன்னால் வந்து நின்றாள், நம் இலக்கியா வயசு, துடியான பெண். நான் வாயைத் திறந்து, அம்மா, அந்த எஞ்சினைக் கொஞ்சம் என்பதற்குள், பன்னிரண்டு போன் சார்ஜில் இருக்கிறது, துபாயிலிருந்து மாமா பூசையைப் பார்க்க வீடியோ காலில் வருவார், பதினோரு மணிக்கு நிறுத்திவிடலாம் சார் என்றாள். போன் விஷயம் நிஜம்தான், நம் இலக்கியாவும் அங்கேதான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தாள். சன்னதியில் உட்கார்ந்த பிள்ளை நடுவில் எழுந்து இரண்டு தடவை அங்கே போய் வந்தாள். இரண்டாம் தடவை அவள் போன் எண்பது சதவீதம் காட்டியதைப் பார்த்தேன். கரண்டில் பிழைத்தவன் கண்ணுக்கு இதெல்லாம் தானாகத் தெரியும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நூறு இல்லாவிட்டால் நிம்மதி இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பதினொன்று ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று. எஞ்சின் அதே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் தடவை போனபோது சத்யப்பிரியா, காலையில் அன்னதானப் பாயசத்துக்கு நாற்பது லிட்டர் பால் சின்ன பிரிட்ஜில் வைத்திருக்கிறோம், நிறுத்தினால் திரிந்துவிடும் சார் என்றாள். நாற்பது லிட்டர் எப்படிச் சின்ன பிரிட்ஜில் கொள்ளும் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது, ஆனால் அடுத்தவர் பாலைப் போய் அளப்பது மரியாதையா? திரும்பிவிட்டேன். நம் பங்காளிகள் என்னை முறைத்தார்கள். பூசாரி மட்டும் பேசினார். “ரெண்டு தடவ சொவத்துல பல்லி அசையுறத பார்த்தேன். சொல்லுச்சா சொல்லலியான்னு காதுல வுழுவல. வுழுவாதத வுழுந்துச்சின்னு நான் சொல்லமாட்டேன். அப்பறம் கட்டிக்கிட்டுப் போயி அந்தப் புள்ள அழுதா அய்யனாரு என்னையத்தான் கேப்பாரு” என்றார். பெண்ணுக்கு இருபத்தேழு. அடுத்த மாசி என்றால் இருபத்தெட்டு. மஸ்கட் மாப்பிள்ளை ஒரு பல்லிக்காக ஒரு வருஷம் காத்திருப்பானா? நான் பயந்தேன் அண்ணா, அதை எழுத வெட்கமில்லை.

பன்னிரண்டரைக்கு நாலாம் தடவை போய், சத்யப்பிரியாவைத் தாண்டி நேரே அரியமுத்துவிடம் நின்று, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் கல்யாணம், பல்லி, கிழக்குச் சுவர், காது கேட்கவில்லை, தயவு பண்ணி நிறுத்தவேண்டும். தயவு பண்ணி என்ற வார்த்தை வாயிலிருந்து தானாக வந்தது, வந்தபிறகு ஒன்றும் குறைந்துபோனதாகத் தெரியவில்லை. அரியமுத்து என்னையே பார்த்தார். “இதச் சொல்லவா சார் நாலு நட நடந்தீங்க? மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லப்படாதா?” என்றார். கையை நீட்டி எஞ்சினை நிறுத்திவிட்டார். சத்யப்பிரியா ஏதோ சொல்ல வந்தாள், அதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது.

காடே இருண்டது. அமைதி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சன்னதிக்கு ஓடிவந்து உட்கார்ந்து காதைக் கூர்மையாக்கினேன். ஒரு நிமிஷம் இருக்கும். தெற்கேயிருந்து ஒரு குறட்டை கிளம்பியது. குறட்டை என்று எழுதிவிட்டேன், வேறு பேர் கிடைக்காததால். முதலில் மரம் அறுக்கிற மாதிரி இழுத்து, நடுவில் சுத்தமாக நின்று, செத்துவிட்டாரோ என்று நாங்கள் எழுந்திருக்கும்போது மறுபடி வெடித்தது. பக்கத்துக் கிராமத்து நாய்கள் பதில் சொல்ல ஆரம்பித்தன. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது கதை. போய்ப் பார்த்தால் அரியமுத்துவின் தம்பி அறிவழகன், அரியலூரில் சிமெண்டு லாரி ஓட்டுகிறாரே, நல்ல கனமான ஆள், மல்லாந்து கிடக்கிறார். மூக்கில் குழாய் மாட்டிய மூச்சு மெஷின் ஒன்று பக்கத்தில் உயிரில்லாமல் இருக்கிறது. “அதான் சார் சொல்ல வந்தேன். சித்தப்பாவுக்கு தூக்கத்துல மூச்சடைக்கும். கரண்ட் இருந்தா இந்த மெஷின் ஓடும், சத்தம் வராது” என்றாள் சத்யப்பிரியா. அவரை எழுப்பி ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். அந்தப் பக்கம் திரும்பியதும் குறட்டையும் அந்தப் பக்கம் திரும்பியது, சத்தம் குறையவில்லை. உண்ணாமலை இங்கிருந்தே, ஜெனரேட்டரே தேவலைங்க என்று குரல் கொடுத்தாள். ஆக, நாலு தடவை நடந்து நிறுத்தச் சொன்னவன் இப்போது போடச் சொல்லி ஐந்தாம் தடவை கேட்கவேண்டும். இதற்கு என்ன முறை அண்ணா? நீங்கள் முப்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர், எனக்குச் சொல்லுங்கள்.

அங்கேதான் என் தொழில் கைகொடுத்தது. அரியமுத்துவிடம் எத்தனை அடி கேபிள் இருக்கிறது என்று கேட்டேன். முந்நூறு அடி இருக்கிறது, பந்தல்காரனிடம் கேபிளுக்கா பஞ்சம் என்றார். அப்படியானால் எஞ்சினை இங்கே வைத்துக்கொண்டு ஏன் எல்லாரும் அவதிப்படவேண்டும், மேற்கே ஓடைப் பள்ளத்தில் இறக்கிவிட்டால் சத்தம் கரையோடு அடங்கிவிடும், காற்றும் கிழக்கிலிருந்து அடிக்கிறது, புகை யார் மூக்குக்கும் வராது என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் குட்டியானை கிளம்பவில்லை, அதன் பேட்டரியில்தான் சீரியல் செட் எரியவிட்டு, அது எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. தள்ளினோம். நம் பங்காளிகள் இடது பக்கம், அவர்கள் ஆட்கள் வலது பக்கம். மணலில் சக்கரம் புதைந்தது, நம் கீதாஞ்சலி அத்தை பாயைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் போட்டாள். யாரோ தள்ளு என்றார்கள், யாரோ பொறு என்றார்கள், இருட்டில் யார் சொன்னது என்று தெரியாததால் எல்லாரும் எல்லார் பேச்சையும் கேட்டார்கள். மூன்று தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்தில் படுத்து எழுந்த இரண்டு கூட்டம் ஒரே வண்டியில் கைவைத்தது இதுதான் முதல் தடவை. நம் பெரியப்பா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஆர்வமாகத்தான் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் அவரும் ஒரு கை போட்டிருப்பார் என்றே வைத்துக்கொண்டேன்.

கேபிளை முந்திரிக் கிளைகளுக்கு மேலாகத் தூக்கி நானே கட்டிக்கொண்டு வந்தேன். ரிட்டயர்டு ஆகி மூன்று வருஷம், கை மறக்கவில்லை. டார்ச் பிடித்தது அரியமுத்து. அவர் அப்பா தீவட்டி பிடித்தது எனக்கும் நினைவு வந்தது, அவருக்கும் வந்திருக்கும், இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை. நடுவில் நான் அவர் கையிலிருந்து டார்ச்சை வாங்கி, நீங்கள் ஒரு முடிச்சுப் போடுங்கள் என்றேன். இரண்டே கால் மணிக்குப் பள்ளத்திலிருந்து எஞ்சின் ஓடியது, எங்கோ அடுத்த ஊரில் நெல் அரைப்பது மாதிரி கேட்டது, அவ்வளவுதான். மெஷின் ஓடியது, அறிவழகன் குழந்தை மாதிரி தூங்கினார். ஒரே ஒரு பல்ப் எரிந்தது, அதுவும் உண்ணாமலைக்காக அடுப்புப் பக்கம் திருப்பி வைத்தது. சன்னதியில் விளக்கு மட்டும். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமைக்கு, அரசாங்கத்தில் ரிட்டயர்மெண்ட் அன்றைக்குப் போட்ட சால்வை கிட்டே நிற்காது.

இலக்கியா மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். நாலு நாற்பதுக்கு, விடிவெள்ளி முளைத்து நிற்கும்போது, கிழக்குச் சுவரில், மண்குதிரைக்கு நேர் மேலே, பல்லி சொல்லிற்று. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை, கணீரென்று. எனக்கு மயிர் கூச்செறிந்துவிட்டது. பூசாரி எழுந்து கும்பிட்டு, உத்தரவாயிடுச்சி என்றார். பங்காளிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தெற்கேயிருந்து அரியமுத்து, கேட்டுச்சா சார் என்று கூப்பிட்டார். கேட்டுச்சுங்க என்று நான் கத்தியதில் காக்கைகள் மறுபடியும் எழுந்தன.

ஆகவே அண்ணா, பாடாலூருக்குத் தைரியமாகச் சொல்லிவிடுங்கள். அய்யனார் வாக்கு, மறுபேச்சு இல்லை. பங்குனியில் நாள் பார்க்கலாம், லீவைக் கொஞ்சம் நீட்டிக்க மாப்பிள்ளை தம்பியிடம் நீங்களே பேசுங்கள். மற்றபடி நம் பங்காளிகள் கூட்டத்தில் ஜெனரேட்டர் விஷயத்தை நீங்கள் ஒரு பொருளாக எடுத்துப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எஞ்சின் ஓடைப் பள்ளத்தில்தான் நிற்கவேண்டும், சன்னதியில் கேள்வி கேட்டபின் ஒரு பல்புக்குமேல் எரியக்கூடாது, மூச்சு மெஷின் உள்ளவர்களை முதலிலேயே விசாரித்துக்கொள்ளவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஒருத்தரிடம் ஒன்றைக் கேட்கவேண்டுமென்றால் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று ஆரம்பிக்காமல் நேராகக் கேட்டுவிடவேண்டும். கேட்டால் கொடுக்கிறார்கள், இதுதான் நான் அன்றைக்குக் கற்றது. அந்தக் கூட்டத்துக்கு அரியமுத்துவையும் அழைத்து நாற்காலி போடவேண்டும், அதுவும் துடைத்துப் போடவேண்டும் என்பது என் ஆசை.

அண்ணிக்கு என் வணக்கம். ஸ்பீக்கருக்கும் வணக்கம். உங்கள் முழங்கால் சீக்கிரம் மடங்கி, அடுத்த மாசியில் அய்யனார் முன்னால் சம்மணம் போட்டு நீங்கள் உட்கார அவரே அருள் செய்யட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி,
அய்யாக்கண்ணு

பின்குறிப்பு: அண்ணா, மேலே எழுதியதை எல்லாம் எழுதி மடித்து இலக்கியா பையில் வைத்து இரண்டு மணி நேரம் ஆகிறது. ஒட்டவில்லை, அவள் படித்துவிட்டாள். படித்துச் சிரித்தாள், அப்புறம் அழுதாள். சத்யப்பிரியா அவளோடு அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை செய்கிறாளாம், மூன்று வருஷச் சிநேகமாம். அரியமுத்து வீட்டு வழக்கம் பத்து மணிக்கு எஞ்சினை நிறுத்திவிடுவதாம், பக்கத்தில் தூங்குகிறவர்கள் இருக்கும்போது ஓட்டக்கூடாது என்பது அவர் தொழில் முறையாம். அன்றைக்கு ராத்திரி முழுக்க ஓடவேண்டும் என்று சத்யப்பிரியாவிடம் கேட்டுக்கொண்டது நம் பெண், அவள் தன் அப்பாவிடம் ஏதோ சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறாள். பல்லி சொன்னது காதில் விழாவிட்டால் ஒரு வருஷம் தள்ளிப்போகும், யார் மேலும் பழி வராது என்று கணக்குப் போட்டிருக்கிறாள். துபாய் மாமா, நாற்பது லிட்டர் பால் எல்லாம் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய கதை. மூச்சு மெஷினுக்குத் தனி பேட்டரி உண்டாம், அதைத் தார்ப்பாய்க்குள் ஒளித்துவைத்தது சத்யப்பிரியா. பாவம் அறிவழகனுக்குக்கூடத் தெரியாது. குறட்டை மட்டும் நிஜம்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. வேண்டாமென்றால் அப்பனிடம் வாயைத் திறந்து சொல்வதற்கென்ன என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எஞ்சின நிறுத்தணும்னு நாலு தடவ நடந்து போயி கேட்டீங்க. பூசாரிய கேட்டீங்க, பல்லிய கேட்டீங்க. என்னைய ஒரு தடவ கேட்டீங்களாப்பா?”

இல்லை அண்ணா. கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தேன், ஒரு தடவைகூட இல்லை. இருபது அடி தள்ளி உட்கார்ந்திருந்த பிள்ளை, எனக்கு நடக்கவே வேண்டியிருந்திருக்காது. இன்றைக்குக் கேட்டேன். மஸ்கட் வேண்டாம், மாப்பிள்ளை நல்லவராகவே இருக்கட்டும், எனக்கு ஜெயங்கொண்டத்தில் சொந்தமாக ஒரு பிசியோதெரபி சென்டர் வைக்கவேண்டும், கல்யாணம் அதற்கப்புறம் என்கிறாள். இதற்கு இரண்டு நிமிஷம்தான் ஆனது. பூசாரி கேட்ட கேள்வியை அப்புறம்தான் நினைத்துப் பார்த்தேன். இந்தப் புள்ள மனசுக்கு நிறைந்தது நடக்குமா என்றுதானே கேட்டார், மஸ்கட்டைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. பல்லி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, அவசரப்பட்டு அர்த்தம் பண்ணியவன் நான். ஆகவே பாடாலூருக்கு மேலே எழுதியபடி சொல்லவேண்டாம். வேறு என்ன சொல்வது என்பதை நீங்களே மரியாதையாக யோசித்துச் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்குக் கோபம் வரலாம், வரன் நீங்கள் கொண்டுவந்தது. கடிதத்தை அவள் கையாலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், பயிற்சி தொடங்கியபிறகு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த வரியை நீங்கள் படிக்கும்போது உங்கள் வலது முழங்கால் அவள் கையில் இருக்கும். பதிலை அவளிடமே சொல்லி அனுப்பவும்.